எம்மாம்? எம்புட்டு?

1

கனடாவுல நான் வேலை பாக்குற பட்டறையில எனக்குப் பேரு முனுசாமி. சிரிக்காதீங்க. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரிச்சு எழுதச் சொன்னாங்க, எழுதினேன். இங்க வந்ததும் அந்த இனிஷியல் குடும்பப் பேரா மாறிடுச்சு. சம்பளச் சீட்டு, லாக்கர் கதவு, சட்டைப் பாக்கெட் மேல தச்சிருக்கிற பட்டைன்னு எல்லாத்துலயும் எங்கப்பா வந்து உக்காந்துட்டாரு. கூட வேலை செய்யறவங்க அதையும் சுருக்கி "முனு"ன்னு கூப்பிடுறாங்க. எங்க ஊரு சேரப்பணஞ்சேரியில எங்கப்பாவையே யாரும் முனுன்னு கூப்பிட்டதில்ல. என் நெசமான பேரு கலா. அதைச் சொல்லிக் கூப்பிடுறது என் வீட்டுக்காரரும், ஞாயித்துக்கிழமை போன்ல வர்ற ஊர் சிநேகிதி எசக்கியும் மட்டுந்தான்.

இந்தக் குறிப்பு எழுத உக்காந்ததுக்குக் காரணம் ஒரு ஷாஃப்ட். போன இலையுதிர் காலத்துல நான் கெடுத்த ஷாஃப்ட்.

எங்க பட்டறையில விவசாய வண்டிகளோட கியர் பாக்ஸுக்கு ஷாஃப்ட் கடையறோம். கம்ப்யூட்டர் வச்ச லேத்து. நான் ஆபரேட்டர். இரும்பை மாட்டணும், பட்டனை அழுத்தணும், முடிஞ்சதும் கழட்டணும், அவ்ளோதான். எந்த டூல் எவ்வளவு வெட்டணும்னு மெஷினுக்குச் சொல்றது செட்டர் வேலை. அன்னைக்கு செட்டர் லீவு. ஃபோர்மேன் டேவ் வந்து பேரிங் உக்கார்ற இடத்தை அளந்து பாத்தாரு. "இன்னும் டூ டென்த்ஸ் எடுத்துடு முனு"ன்னு சொல்லிட்டு காபி குடிக்கப் போயிட்டாரு.

டென்த்னா இன்னா? பள்ளிக்கூடத்துல படிச்சது, பத்துல ஒரு பங்கு. டூ டென்த்ஸ்னா பாயிண்ட் டூ. மெஷின் திரையில மில்லிமீட்டர் ஓடினு இருந்துச்சு. பாயிண்ட் டூன்னு தட்டினேன். அவ்வளவு எடுக்கணுமான்னு ஒரு சின்ன சந்தேகம் வந்துச்சு. ஃபோர்மேனே சொல்றாரே, நாம இன்னா கண்டோம்னு பட்டனை அமுக்கிட்டேன்.

டேவ் திரும்பி வந்து பேரிங்கை அதுல மாட்டினாரு. அது லொடலொடன்னு ஆடுச்சு.

விஷயம் இதுதான். இங்கத்து பட்டறை ஆளுங்க இஞ்சை முதல்ல ஆயிரம் துண்டு போடுவாங்க. அந்த ஒரு துண்டை மறுபடி பத்தா வெட்டுறதுதான் அவங்களுக்கு டென்த். அதாவது இஞ்சுல பத்தாயிரத்துல ஒரு பங்கு. ஊருல, ஒரகடம் பக்கத்துப் பட்டறைங்கள்ல நாங்க மில்லிமீட்டரை நூறாப் பங்கு போட்டு ஒரு பங்கை ஒரு பாயிண்ட்னு சொல்லுவோம். அந்தக் கணக்குப்படி டேவ் எடுக்கச் சொன்னது வெறும் அரை பாயிண்ட். நான் எடுத்தது அதைப்போல நாப்பது மடங்கு. ஒரு முடிய மழிக்கச் சொன்னா மண்டையையே சீவிட்டேன்.

டேவ் கத்தலை. கத்தியிருந்தா எவ்வளவோ தேவலை. தோள்ல தட்டி, ரொம்ப மென்மையா, "பரவால்ல முனு, செட்டிங் கணக்கெல்லாம் எல்லாருக்கும் வராது. நீ நல்ல ஆபரேட்டர்"னு சொன்னாரு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சுது. ஏன்னா அதே வாரந்தான் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க: வசந்த காலத்துல எங்க வரிசைக்கு ரோபோ கை வருது. இரும்பை மாட்டுறது, கழட்டுறது எல்லாம் இனிமே அது பாத்துக்கும். அந்த வரிசைக்கு ஒரே ஒரு செட்டர் போதும். அரசாங்கத் தொழில் லைசென்ஸ் இருக்கிறவங்க மட்டும் பேரு குடுக்கலாம். மத்தவங்க பேக்கிங்குக்குப் போகணும், அங்க இடம் இருந்தா.

நல்ல ஆபரேட்டர்னு சொன்னாரு பாருங்க, அந்த வேலைதான் வசந்த காலத்தோட இல்லாம போவுது. அன்னைக்கு பஸ்ல வரும்போது முடிவு பண்ணேன். லைசென்ஸ் பரீட்சை எழுதறேன். பாஸ் பண்ணி அதே மெஷினுக்கு செட்டரா வந்து நிக்கறேன்.

என்னைக் குடைஞ்சது கணக்கு தப்பினது இல்ல. நான் கேக்காம விட்டதுதான். கேக்கறதுக்குன்னே பேரெடுத்தவ நான்.

2

பேரெடுத்தவன்னு சும்மா சொல்லலை. ஒரகடம் பக்கத்துல வல்லம் வடகால் தொழிற்பேட்டையில என் பட்டப்பேரே அதுதான்.

பன்னெண்டாவது காமர்ஸ் முடிச்சிட்டு கான்ட்ராக்ட் ஆளா அங்க ஒரு கம்பெனிக்குப் போனேன். காருக்கு ஸ்டியரிங் சாமான் செய்யற எடம். பொம்பளைங்களை எல்லாம் கடைசி மேசையில நிக்க வச்சு ஆளுக்கு ஒரு கேஜ் குடுத்தாங்க. கேஜ்னா ரெண்டு முனை இருக்கிற ஒரு கட்டை. ஒரு முனை ஓட்டைக்குள்ள போகணும், இன்னொரு முனை போகக் கூடாது. அப்படி இருந்தா பச்சைப் பெட்டி, இல்லைன்னா சிவப்புப் பெட்டி. போகும், போகாது. எட்டு மணி நேரமும் இதே ரெண்டு வார்த்தைதான்.

மூணாவது நாளே சூப்பர்வைசர் சங்கர் சார்கிட்ட கேட்டுட்டேன். "சார், போவலைன்னா எம்மாம் போவலை?"

அவரு சத்தமா சிரிச்சுட்டாரு. "எம்மாமா? நீ இன்னா கத்திரிக்கா வாங்க வந்துகீறியா? போவுதா, போட்டுட்டு அடுத்ததை எடு. போவலையா, செவப்புல போடு."

அதுல இருந்து லைன்ல எனக்கு "எம்மாம்"னு பேரு ஒட்டிக்கிச்சு. "ஏ எம்மாம், டீக்கு வா"ன்னுதான் கூப்பிடுவாங்க. கொஞ்ச நாள்ல சங்கரன்கோயில் பக்கத்துல இருந்து எசக்கியம்மாள்னு ஒருத்தி வந்து சேந்தா. டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சவ. அவளுக்கும் அதே கேஜ். அவளும் மொத வாரத்துலயே சங்கர் சார்கிட்ட போய், "எம்புட்டு சார் பத்தல?"ன்னு கேட்டா. அவரு தலையில அடிச்சுக்கினு, "எம்மாம் ஒண்ணு போதாதுன்னு எம்புட்டு ஒண்ணு வந்துகீது"ன்னாரு. லைனே சிரிச்சு உருண்டுச்சு. நாங்க ரெண்டு பேரும் சிரிக்கலை, முறைச்சோம். அப்படிப் பழகினவங்கதான்.

அவ தங்கினதும் எங்க வீட்டுலதான். கம்பெனிங்க வந்தப்புறம் எங்க பக்கம் எல்லாரும் செஞ்ச மாதிரி எங்கம்மாவும் பின்னாடி நாலு ரூம் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தாங்க. அதுல கடைசி ரூம்ல எசக்கி. பாரிமுனையில பழைய சாமான் கடையில ஒரு மைக்ரோமீட்டர் வாங்கினு வந்தா. திருகித் திருகி கனம் அளக்குற கருவி. அதைப் படிக்கக் கத்துக்கறதுக்காக நாங்க அளக்காத பொருளே இல்ல. வளையல், டம்ளர் விளிம்பு, செருப்பு வாரு, கடைசியில எங்கம்மா சுட்ட தோசை. நடுவுல ஒரு அளவு, ஓரத்துல ஒரு அளவு வந்துச்சு. "தோசைய துன்றீங்களா, இல்ல அதுக்கு ஜாதகம் பாக்குறீங்களா?"ன்னு எங்கம்மா கரண்டியோட வந்து நின்னாங்க.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு கேப்பீங்க. டூல் தேய்ஞ்சுகினே இருக்கும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஓட்டை துளித் துளியா சின்னதாகும். கேஜ் அதைச் சொல்லாது. போகும், போகும், போகும்னு சொல்லிக்கினே இருந்துட்டு, திடீர்னு போகாதுன்னு கைய விரிக்கும். அதுக்குள்ள ஒரு ட்ரே நாசம். ஓட்டையைச் சுத்தி இருக்கிற சுவரோட கனத்தை நம்பரா அளந்து பாத்தாதான் அது எந்தப் பக்கம் நகருதுன்னு தெரியும். தெரிஞ்சா மெஷின்ல அந்த அளவைக் கூட்டியோ குறைச்சோ விடலாம். அதுக்குப் பேரு ஆஃப்செட். நம்பர் தெரியாதவன் கெட்டதை எடுத்து வெளிய போடலாம். கெடறதுக்கு முன்னாடி நிறுத்த அவனால முடியாது.

இதைப் பெருசா கண்டுபிடிச்ச மாதிரி ஒரு நாள் லைனையே நிறுத்திட்டோம். "சார், சுவர் கனம் அரை மில்லி கொறைஞ்சுபோச்சு!"ன்னு ரெண்டு பேரும் கத்தினோம். குவாலிட்டியில இருந்து ஆள் வந்து அளந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மைக்ரோமீட்டர் தண்டுல அரை மில்லிக்குன்னு கீழ ஒரு குட்டிக் கோடு இருக்கும். அதை விட்டுட்டுப் படிச்சிருக்கோம். சங்கர் சார் அன்னைக்கு விட்ட டோஸு இருக்கே, இப்ப நினைச்சாலும் காது சுடுது. "எம்மாம் எம்புட்டுன்னு ஆட்டம் போட்டீங்களே, இப்ப சொல்லுங்க, எம்மாம் நஷ்டம்?"னாரு.

எசக்கி ரூமுக்கு வந்ததும் அழலை. கீழ உக்காந்து அந்தக் குட்டிக் கோட்டையே பாத்துக்கினு இருந்தா. "கோடு மேல தப்பு இல்லட்டி. நாமதான் பாக்கல. திரும்பப் படிப்போம்"னா. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி சங்கர் சார்கிட்ட போனோம். இந்தத் தடவை லைனை நிறுத்தலை, கத்தலை. நம்பரை மட்டும் சொன்னோம். அவரு, "அது உங்க வேலை இல்ல"ன்னு சொல்லிக்கினே போய் அளந்து பாத்தாரு, ஆஃப்செட் போட்டாரு. பெரிய கார் கம்பெனி ஒண்ணு செட்டருங்களை எல்லாம் இழுத்துக்கினு போனப்ப, ஆள் இல்லாம தவிச்சு எங்க ரெண்டு பேரையும் மெஷினுக்குக் கூப்பிட்டதும் அவருதான்.

3

கனடாவுல எழுதப் போன லைசென்ஸுக்கு முதல்ல நான் வேலை செஞ்சவதான்னு நிரூபிக்கணும். பழைய கம்பெனியைக் கேட்டா, "கலாவா? எங்க ரோல்ல அப்படி ஆளே இல்ல, கான்ட்ராக்டரைக் கேளுங்க"ன்னாங்க. கான்ட்ராக்டர் கடையை மூடிட்டு போர்டை மாத்திட்டாரு. எசக்கி ஷிப்ட் முடிஞ்சு போய், அலைஞ்சு, என் பி.எஃப். விவரத்தைத் தோண்டி எடுத்தா. அதுல என் பேரு கலா எம். இங்க லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்த அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, "யார் இந்த எம்?"னு கேட்டாங்க. "எங்கப்பா." "அப்போ இந்த முனுசாமி?" "அதுவும் எங்கப்பாதான்." "அப்போ நீங்க?" இப்படியே ஒரு மணி நேரம் போச்சு. ஸ்ரீபெரும்புதூரை எழுத்துக் கூட்டிச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு வறண்டுடுச்சு.

முதல் பரீட்சை டிசம்பர்ல எழுதினேன். நூறு கேள்வி. மெஷின் எப்படி ஓட்டறது, டூல் எப்படிப் பிடிக்கறதுங்கறதெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஆனா கணக்கு மொத்தமும் இஞ்சு. அதுவும் பின்னம். முப்பத்திரண்டுல பதினேழு, அறுபத்திநாலுல அஞ்சு. டேப்பர்னு ஒண்ணு, உருளையை ஒரு பக்கம் மெலிசா கடையறது. அதுக்கு, அடிக்கு இவ்வளவு இஞ்சு சரிவுன்னு ஒரு கணக்கு. நான் மில்லிமீட்டர்ல வளந்தவ. ஒவ்வொண்ணையும் மில்லிமீட்டருக்கு மாத்தி, போட்டு, திருப்பி இஞ்சுக்கு மாத்தி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க.

ரிசல்ட் கம்ப்யூட்டர்ல வந்துச்சு. ஒரே வரி. தேர்ச்சி இல்லை. எனக்கு அந்த கேஜ்தான் ஞாபகம் வந்துச்சு. போகாது. சரிடா, எம்மாம் போவலை?

ஆபீஸுக்குப் போன் போட்டேன். அப்ப நான் என் பொண்ணு இனியாவைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டினு வந்துக்கினு இருந்தேன். காரை ஓரமா நிறுத்தி ஸ்பீக்கர்ல போட்டேன். எடுத்தவர் நல்ல மனுஷன். "கிட்டத்தட்ட வந்துட்டீங்க மேடம், மனசை விடாதீங்க"ன்னாரு. கிட்டத்தட்டன்னா எவ்வளவுன்னு கேட்டேன். அதெல்லாம் பொதுவா சொல்றதில்லைன்னாரு. நான் விடலை, திருப்பித் திருப்பிக் கேட்டேன். இனியா ஜாக்கெட்டைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கிச்சு. கடைசியில அவரு பெருமூச்சு விட்டு, அறுபத்திநாலுன்னாரு. எழுபது வேணும்.

"ஏம்மா இப்படிப் பண்றே? மானம் போவுது. யூ ட்ரைட், அவ்ளோதானே, இட்ஸ் ஓகே"ன்னா இனியா.

எனக்கு இந்த "யூ ட்ரைட்"ங்கற வார்த்தையைக் கேட்டா பத்திக்கினு வருது. இனியாவுக்குப் பன்னெண்டு வயசு. இவளோட பள்ளிக்கூடத்துலயும் இதே கதைதான். ரிப்போர்ட் கார்டுல கணக்குக்கு நேரா "நன்றாக முன்னேறுகிறாள்"னு போட்டு அனுப்புவாங்க. எங்க இருந்து எங்க முன்னேறுறான்னு டீச்சர்கிட்ட நேர்ல போய்க் கேட்டேன். டீச்சர் சிரிச்சாங்க, இனியா ரெண்டு நாள் என்கூடப் பேசலை. அப்புறம் பேசினப்பவும் இங்கிலீஷ்லதான் பேசினா. தமிழ்ல எண்ணச் சொன்னா இருபதுக்கு மேல தடுமாறுறா. "ஐ ஆம் நாட் எ மேத்ஸ் பர்சன், அம்மா"ன்னு ஒரு நாள் ரொம்ப சாதாரணமா சொன்னா, எனக்குக் கத்திரிக்கா பிடிக்காதுங்கற மாதிரி. பன்னெண்டு வயசுல ஒரு கதவைச் சாத்திட்டு வந்து சாப்பிட உக்கார்றா. அவகிட்ட நான் லெக்சர் அடிச்சா வேலைக்கு ஆவாது. நானே அறுபத்திநாலு வாங்கினவ.

ஆனா அறுபத்திநாலுங்கறது ஒரு அளவு. ஆறு பத்தலை. அளவு தெரிஞ்சா ஆஃப்செட் போடலாம். மார்ச்சுல அடுத்த பரீட்சை. அதுவும் போச்சுன்னா காலேஜ்ல போய் உக்காந்து படிச்சுட்டு வந்தாத்தான் மூணாவது தடவை எழுத விடுவாங்க. அதுக்குள்ள ரோபோ வந்து எனக்கு டாட்டா காட்டிடும். மார்ச்தான் கடைசின்னு வச்சுக்கினேன்.

4

எசக்கியும் நானும் ஞாயித்துக்கிழமை தோறும் போன்ல உக்கார ஆரம்பிச்சோம். எனக்குக் காலை, அவளுக்குச் சாயங்காலம். அவ இப்ப அதே வல்லத்துல, அச்சும் டூலும் செய்யற டூல் ரூம்ல இருக்கா. டூல் ரூம்ல மொத பொம்பளை. ஆனா இஞ்சுப் பின்னம் அவளுக்கும் தகராறுதான். "நாங்க படிச்சது பூரா மில்லிமீட்டருதாம்ட்டி, இந்த வெள்ளைக்காரன் ஏன் இப்படி அறுபத்திநாலா நறுக்குதான்?"னு அவளும் திட்டுவா. ரெண்டு பேரும் சேந்து தப்புத் தப்பா போட்டு, ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கினு எழுந்து போவோம். ஜனவரி பூரா இப்படியே ஓடுச்சு.

பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை எசக்கி லேட்டா வந்தா. முகம் கடுகடுன்னு இருந்துச்சு. படப்பையில வீடு கட்டிக்கினு இருக்கா. போனைத் திருப்பி புது பாத்ரூம் தரையைக் காட்டினா. மூலையில தண்ணி குளமா நிக்குது.

"இங்க பாருட்டி. கொத்தனார்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வாட்டம் பத்தாது, தண்ணி தேங்கும்னு. அந்தாளு என்னமோ, ஒரு நூலு போதும் ஒரு நூலு போதும்ங்காரு. இப்ப நிக்கில்லா தண்ணி!"

"இன்னாடி ஒரு நூலு?"

"வாட்டந்தான். அடிக்கு ஒரு நூலு வச்சிருக்காரு. அடிக்கு ரெண்டு நூலாச்சும் வச்சாத்தான் தண்ணி ஓடும்."

நான் கையில பேனாவோட அப்படியே உக்காந்துட்டேன். அடிக்கு ஒரு நூல். அடிக்கு இத்தனை இஞ்சு சரிவு. டேப்பர் கணக்கு.

"எசக்கி, நூலுன்னா எவ்ளோ?"

"கட்டட நூலா? எட்டு நூலு ஒரு இஞ்சி. ஏன்..." அவ பாதியிலயே நிறுத்திட்டா. அவ முகம் மாறினதைப் பாத்தேன். "ஏ கலா! இஞ்சில எட்டுல ஒண்ணு!"

எங்க வீட்டுல லைன் ரூம் கட்டும்போது எங்கம்மாவும் கொத்தனாரும் இதுக்குத்தான் மாரடிச்சாங்க. "மூணு நூல் கம்பி போட்டா மேல ஒரு மாடி தாங்குமாய்யா? நாலு நூல் போடு"ன்னு எங்கம்மா தெரு கேக்கக் கத்துவாங்க. ஒரகடத்துல இருந்து படப்பை வரைக்கும் வாடகைக்கு ரூம் கட்டாத வீடே இல்ல. அங்க பொறந்த எல்லாக் குழந்தைக்கும் நாலு நூல் கம்பி எந்தத் தடிமன்னு கண்ணாலயே தெரியும். நாலு நூல்னா எட்டுல நாலு, அரை இஞ்சு. ரெண்டரை நூல் கம்பின்னா பதினாறுல அஞ்சு. இது எல்லாம் எனக்குத் தெரியும்! பின்னம்னு தெரியாம, கம்பின்னு தெரிஞ்சு வச்சிருந்தேன்.

அப்புறம் எங்களைப் பிடிக்க முடியலை. எசக்கி ஈரத் தரையில செங்கல்லைப் போட்டு உக்காந்துட்டா. நான் கேள்வித் தாளை எடுத்தேன்.

"முப்பத்திரண்டுல பதினேழு?"

"நாலு நூலு பதினாறு. மிச்சம் ஒண்ணு. அது கால் நூலு. நாலே கால் நூலு."

"அறுபத்திநாலுல ஒண்ணு?"

எசக்கி யோசிச்சா. நான் முந்திக்கினேன். "நூலை எட்டாப் போட்டா ஒண்ணு. எட்டுல ஒண்ணு அரைக்கால். அரைக்கால் நூலுடி!"

"அப்ப அறுபத்திநாலுல அஞ்சு?"

"அரையே அரைக்கால் நூலு!" ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினோம். என் வீட்டுக்காரர் பயந்து போய் மாடிப் படியில எட்டிப் பாத்தாரு.

டேப்பர் கணக்கு எடுத்தோம். அடிக்கு முக்கால் இஞ்சு சரிவு, நாலு இஞ்சு நீளம், ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் விட்டத்துல எவ்வளவு வித்தியாசம்? டிசம்பர்ல நான் அரைப் பக்கம் போட்டுத் தப்பா முடிச்ச கணக்கு. அடிக்கு ஆறு நூல் வாட்டம். நாலு இஞ்சுங்கறது அடியில மூணுல ஒரு பங்கு. ஆறு நூல்ல மூணுல ஒரு பங்கு ரெண்டு நூல். கால் இஞ்சு. பேனாவைத் தாள்ல வைக்கவே இல்ல.

சந்தோஷத்தோட எனக்குக் கோவமும் வந்துச்சு. பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல உக்காந்தேன். கணக்கு வேற, கம்பி வேறன்னு தனித்தனியா வச்சே வளத்துட்டாங்களே! பின்னம்னா போர்டுல கோடு போட்டு மேல ஒண்ணு கீழ ஒண்ணு எழுதறதுன்னாங்க. வாசல்ல லாரியில வந்து இறங்கின கம்பியும் அதுதான்னு ஒரு டீச்சர் ஒரு தடவை சொல்லியிருந்தா, எங்க தெருவுல எத்தனை பொண்ணுங்க கணக்கைப் பாத்துப் பயப்படாம இருந்திருப்பாங்க.

எசக்கிக்கு இந்தக் கவலை எல்லாம் இல்ல. "நல்லதாப் போச்சு. நான் போய் அந்தக் கொத்தனார டேப்பர்னு சொல்லியே ஒரு வாங்கு வாங்குதேன்"னு எழுந்து போனா.

இதையெல்லாம் பக்கத்து ரூம்ல இருந்து இனியா கேட்டுக்கினு இருந்திருக்கா போல. சாயங்காலம் வந்து, "அரைக்கால்னா ஹாஃப் லெக்கா?"ன்னு கேட்டா. நான் ஆப்பிளை எடுத்து நாலா வெட்டி, ஒரு துண்டை மறுபடி ரெண்டா வெட்டினேன். "கால்ல அரை. அரைக்கால்." அந்தத் துண்டை வாயில போட்டுக்கினு போயிட்டா. லெக்சர் அடிக்க வாய் துடிச்சுது. அடக்கிக்கினேன்.

5

மார்ச்சுல பரீட்சைக்கு முந்தின வாரமே ரோபோ வந்து எறங்கிடுச்சு. பட்டறை நடுவுல மரப்பெட்டியில கிடந்துச்சு. போகும்போதும் வரும்போதும் நான் அதைப் பாத்துக்கினே போவேன். டேவ் இப்பல்லாம் என்கிட்ட எதையும் மொட்டையா சொல்றதில்ல. சொன்னா நான் மெஷினைத் தொடாம, எதுல டென்த், இஞ்சா மில்லியான்னு கேட்டுக்கினு நிப்பேன்னு அவருக்குத் தெரியும். முதல்ல சலிச்சுக்கினாரு. அப்புறம் அவரே முழு நம்பரையும் சொல்லப் பழகிட்டாரு.

பரீட்சை ஹால்ல என் வாய் சும்மா இருக்கலை. ரெண்டே முக்கால் நூல், அடிக்கு அஞ்சு நூல்னு முணுமுணுத்துக்கினே போட்டேன். கண்காணிக்க வந்த அம்மா பக்கத்துல வந்து நின்னு உத்துப் பாத்தாங்க. மந்திரம் சொல்றேன்னு நினைச்சிருப்பாங்க. நினைச்சுட்டுப் போகட்டும். மணி அடிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சு, குட்டிக் கோடு எதையாவது விட்டுட்டேனான்னு முதல்ல இருந்து திரும்பப் பாத்தேன்.

ரிசல்ட் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துச்சு. நான் காலை ஷிப்ட் முடிச்சுட்டு வந்து, இனியா பள்ளிக்கூடத்துல இருந்து வர்ற வரைக்கும் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்ல. பாஸ்வேர்டைத் தப்புத் தப்பா அடிப்பேன்னு தெரியும். இனியா பையைக் கழட்டாமலே உக்காந்து தட்டினா. திரையையே பாத்துக்கினு இருந்தா.

"பாஸ்"ன்னா.

நான் அழுதுட்டேன். அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. என் வூட்டுச் சமையக்கட்டுல நின்னுக்கினு, ரோபோவாவது ஒண்ணாவதுன்னு கத்தினேன். திங்கக்கிழமை காலையில முதல் வேலை, செட்டர் லிஸ்ட்ல என் பேரு. முனுசாமின்னே எழுதட்டும், எங்கப்பாவும் பெருமைப்படட்டும். கண்ணைத் தொடச்சுக்கினு திரையைப் பாத்தேன். போன தடவை மாதிரியே ஒரே வரி. தேர்ச்சி. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. நான் கேக்கலாமா வேணாமான்னு இனியா முகத்தைப் பாத்தேன். ஜாக்கெட்டைத் தலைக்கு மேல இழுத்து மூடின பொண்ணாச்சே.

அவ என் போனை எடுத்து, ஆபீஸ் நம்பரைத் தேடி, அழுத்தி, ஸ்பீக்கர்ல போட்டு என்கிட்ட நீட்டினா.

"கேளும்மா"ன்னா. "எம்மாம்னு."

எடுத்தவர் அதே மனுஷன். பாஸ் பண்ணவங்க யாரும் இதைக் கேட்டதில்லையே மேடம்னாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "ஷி நீட்ஸ் டு நோ ஹவ் மச்"ன்னு இனியா சொன்னா.

எழுபத்தெட்டு.

எசக்கிக்கு அப்ப நடுராத்திரி. மறுநாள் காலையில கூப்பிட்டேன். அவ புது பாத்ரூம்ல நின்னுக்கினு இருந்தா, தண்ணி சரசரன்னு ஓடற சத்தம் கேட்டுச்சு. பாஸ்னு சொன்னேன். வாழ்த்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

"எம்புட்டு?"

"எழுபத்தெட்டு."

மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் தொண்டையைச் செருமிக்கினு சொன்னா.

"சரி. மிச்சம் இருவத்திரெண்டு எங்கட்டி போச்சு?"